சுழலும் இரும்பும் நிற்கும் உளியும்

கல்வராயன் மலைத்தொடருக்கு வடகிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மேல்சிறுவள்ளூர் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூரின் புறத்தே கிடந்த கரிந்த மண்கலச் சில்லுகளை உலோகத் தொல்லியல் அறிஞர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து, 1994ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரை அந்நிலத்தைத் தென்னார்க்காடு என்னும் பழைய மாவட்டப் பெயரால் குறிக்கிறது. அச்சில்லுகள் எஃகு உருக்கிய மூசைகளின் உடைவுகள். மூசையின் உட்புறத்தில் ஒட்டி எஞ்சியிருந்த உலோகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, கரிமம் மிகுந்த எஃகுக்கே உரிய உட்கட்டமைப்பு தெரிந்தது.

கடைசல் எந்திரத்தில் இரும்பைக் கடையப் பழக விரும்புவோர்க்கு முதலில் சொல்லத்தக்க செய்தி இதுவே என்று கருதுகிறேன். புதிதாக வருபவரின் கண், எந்திரத்தின் கனத்த உடலையும் மோட்டாரின் ஆற்றலையும் நோக்கியே போகும். ஆனால் வேலை நடக்கும் இடம் வெட்டுளியின் முனை. அங்கே ஓர் எஃகு இன்னோர் எஃகைச் சீவுகிறது. இரண்டும் இரும்பிலிருந்து வந்தவைதாம். ஒன்று ஏன் வெட்டுகிறது, மற்றொன்று ஏன் வெட்டுப்படுகிறது என்னும் கேள்விக்கு விடை அறிந்தவர்கள் இந்த மலையடிவாரத்தில் முன்பே வாழ்ந்திருக்கிறார்கள்.

கடைசல் இவ்வட்டாரத்துக்குப் புதிய சொல்லன்று. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் கடைந்து பம்பரமும் கட்டில்காலும் தொட்டில்கம்பும் ஆக்கும் கைத்தொழிலைத் தமிழகம் முழுவதும் அறியும். இரும்பு கடைவது இங்கே பிழைப்பின் தேவையாக வந்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு பிழியும் உருளைகளின் பள்ளங்கள் தேய்ந்து மழுங்கும். அரைவை முடிந்த பருவத்தில் அவற்றைப் பெரிய கடைசல் எந்திரத்தில் ஏற்றி மீண்டும் பள்ளம் வெட்டுவது சர்க்கரை ஆலைகளின் ஆண்டு வழக்கம். நெல் அரைவை ஆலை, மரவள்ளியிலிருந்து சவ்வரிசி எடுக்கும் ஆலை, கிணற்று மோட்டார், உழுவை எந்திரம் என எதன் தண்டு தேய்ந்தாலும் அது லேத் பட்டறைக்கே வந்து சேரும். நான்கரை அடி, ஆறடி என்று படுகையின் நீளத்தைக் கொண்டே எந்திரத்தைச் சுட்டுவது அப்பட்டறைகளின் வழக்கம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கடைசலர் என்பது தனித்த பாடப்பிரிவு.

பிழைப்புக்கன்றி ஆர்வத்தால் கடைசல் பழகுவோர் தொகை நம்மிடையே சிறிது. இது பெருக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பொருளின் இயல்பை இத்தனை நேராகக் கைக்குக் காட்டும் கருவி வேறொன்று எளிதில் கிடைக்காது. பள்ளியில் விசை, வெப்பம், மீட்சி, விரிவு என்று தனித்தனி இயல்களாகப் படித்தவை எல்லாம் கடைசல் எந்திரத்தில் ஒரே கணத்தில், ஒரே முனையில் கூடி நிற்கின்றன.

எஃகிலிருந்தே தொடங்குவோம். தூய இரும்பு மென்மையானது. நூற்றுக்கு 0.2 பங்கு அளவில் கரிமம் கலந்தால் அது கட்டுமானக் கம்பியும் ஆணியும் ஆகும், பட்டறைகளில் எம்.எஸ். என்று வழங்கும் மெல்லெஃகு இதுவே. கரிமம் 1 பங்கைத் தொடும்போது வேறொரு பண்பு வெளிப்படுகிறது. ஏறத்தாழ 730 பாகை செல்சியசுக்கு மேலே இரும்பணுக்களின் அடுக்குமுறை மாறி, இடைவெளிகளில் கரிம அணுக்கள் புகுந்து அமர்கின்றன. அந்நிலையில் எஃகை மெல்ல ஆறவிட்டால் கரிமம் விலகி வேறு சேர்மமாகப் பிரிந்துகொள்ளும். செஞ்சூட்டிலிருந்து சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் விலகுவதற்கு நேரம் கிடைக்காது. அடுக்கு பழைய நிலைக்குத் திரும்ப முயலும். உள்ளே சிக்கிய கரிமம் தடுக்கும். இந்த இழுபறியில் அணுவடுக்கு திரிந்து இறுகி நிற்பதே கடினம். அரத்தை அதன்மேல் வைத்துத் தேய்த்தால் அரந்தான் வழுக்கும்.

மூசையில் ஆக்கிய தென்னிந்திய எஃகு அத்தகையது. இரும்பையும் கரி தரும் பொருளையும் மூசைக்குள் இட்டு, வாயை அடைத்து, நெடுநேரம் ஊதுலையில் காய்ச்சிக் கரிமத்தை இரும்புக்குள் செலுத்தினார்கள். மேலை நாட்டார் அதை உட்ஸ் என்று அழைத்தனர். பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் கட்டுரை படித்தார். மின்காந்தத் தூண்டலைப் பின்னாளில் கண்டறிந்த மைக்கேல் பாரடே, இளமையில் 1819 தொடங்கிச் சில ஆண்டுகள் இந்த எஃகின் உட்பொருளைத் தேடினார். அறுவைக் கருவிகள் செய்த ஜேம்சு சுடோடார்ட்டு அவருக்குத் துணை. அவர்கள் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். கலப்பெஃகு என்னும் துறை வளர்வதற்கு அத்தேடல் ஒரு தொடக்கமாயிற்று.

கரிமத்தால் மட்டும் கடினம் பெற்ற எஃகுக்கு ஒரு குறை உண்டு. சிக்கிய கரிமம் சூடு பட்டால் நகரத் தொடங்கும். 200 பாகையைத் தாண்டினாலே கடினம் படிப்படியாகக் குறையும். கடையும் முனையோ அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். ஆகவே பழைய கரிம எஃகு உளியால் இரும்பை மிக மெதுவாகத்தான் சீவ முடிந்தது. 1868இல் இராபர்ட் மசெட்டு என்பவர் தங்சுதன் கலந்த உளி எஃகை உருவாக்கினார். அமெரிக்காவின் பிரடெரிக் டெய்லரும் மௌன்செல் ஒயிட்டும் அதன் காய்ச்சும் முறையைத் திருத்தி, 1900ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் காட்டியபோது, உளியின் முனை செஞ்சூடேறியும் வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு பார்த்தவர் வியந்தனர். நூற்றுக்கு 18 பங்கு தங்சுதன், 4 பங்கு குரோமியம், 1 பங்கு வனேடியம் என்னும் கலவை பின்னர் நிலைபெற்றது. அதிவேக எஃகு என்று இன்று கடையில் கிடைக்கும் சதுரத் துண்டு அந்த வழியில் வந்தது. ஏறத்தாழ 600 பாகை வரை கடினம் தளராது. பழகத் தொடங்குபவர் கார்பைடு முனைகளை வாங்கும் முன் இதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. காரணம், இதைத் தானே சாணை பிடித்து முனை ஆக்கலாம். சாணை பிடிக்கத் தெரியாதவர்க்குக் கடைசல் பாதிதான் தெரியும்.

முனையில் இரண்டு சரிவுகள் முதன்மையானவை. உளியின் பக்கமும் முன்புறமும் வேலைப்பொருளில் உராயாதபடி உள்நோக்கி விலகிச் செல்வது ஒன்று. 6 முதல் 8 பாகை போதும். சீவல் ஏறி வழியும் மேற்பரப்பு பின்னோக்கிச் சாய்வது மற்றொன்று. மெல்லெஃகுக்கு இச்சாய்வு 12 பாகை அளவில் இருந்தால் சீவல் தடையின்றி வழியும். அலுமினியத்துக்கு இன்னும் மிகுதி வேண்டும். பித்தளைக்கோ சாய்வே கூடாது. இருந்தால் உலோகம் உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும், வெட்டு திடீரென்று ஆழமாகி வேலை பாழாகும். வார்ப்பிரும்பில் காரீயகச் செதில்கள் (பென்சில் முனையில் உள்ள அதே கரிமம்) விரவிக் கிடப்பதால் நீண்ட சுருள் வராது, கரும்பொடியாக உதிரும்.

உளி உலோகத்தைப் பிளந்துகொண்டு போகிறது என்றே பார்ப்பவர்க்குத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. முனைக்கு முன்னால் உள்ள உலோகம் நெருக்குண்டு, சாய்வான ஒரு தளத்தின் வழியே அடுக்கடுக்காக வழுக்கி மேலேறுகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பணியாற்றிய யூஜின் மெர்ச்சன்ட் இந்த வழுக்குதளத்தின் இயற்பியலை 1940களில் தெளிவாக்கினார். இதற்கான சான்றைப் பழகுபவரே தம் கையால் எடுக்கலாம். ஒரு சுழற்சிக்கு 0.1 மி.மீ. நகருமாறு உளியைச் செலுத்திக் கடைந்து, விழுந்த சீவலின் தடிமனை நுண்ணளவியில் அளந்து பாருங்கள். அது 0.1 மி.மீ. இராது, இரண்டு மடங்கு, சிலபோது மூன்று மடங்கு இருக்கும். தடித்த அளவுக்கு நீளம் குறைந்திருக்கும். உலோகம் அறுபட்டு மட்டும் வரவில்லை, உருமாறி வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இத்தனைக்கும் எவ்வளவு விசை வேண்டும்? மெல்லெஃகில் 1 மி.மீ. வெட்டாழமும் 0.1 மி.மீ. ஊட்டமும் (ஒரு சுழற்சிக்கு உளி நகரும் அளவு) வைத்தால், வெட்டும் பரப்பு 0.1 சதுர மி.மீ. மட்டுமே. அதன்மேல் விழும் விசை ஏறத்தாழ 250 நியூட்டன். 25 கிலோ எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். ஒரு சிமென்ட் மூட்டையின் பாதி எடை, ஊசிமுனையை ஒத்த இடத்தில் இறங்குகிறது. ஆனால் இதற்குச் செலவாகும் ஆற்றல் மிகச் சிறிது. நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகத்தில் கணக்கிட்டால் 100 வாட்டைச் சற்றே தாண்டும். வீட்டு மின்விசிறிகள் ஒன்றிரண்டுக்கு ஆகும் மின்சாரம். மும்முனை மின்னிணைப்பு இல்லாத வீட்டிலும் சிறு மேசைக் கடைசல் எந்திரம் ஓட்டலாம் என்பது இதனால் விளங்கும்.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? ஏறக்குறைய முழுதும் வெப்பமாகிறது. ரம்போர்டு பெருமகன் மியூனிக்கு நகரில் பீரங்கிக் குழாய்களைக் குடையும்போது இதைக் கண்டு, 1798இல் வெளியிட்டார். மழுங்கிய குடைகருவியை நீருக்குள் வைத்துக் குதிரைகளைக் கொண்டு சுழற்ற, இரண்டரை மணி நேரத்தில் நெருப்பின்றியே நீர் கொதித்தது. வெப்பம் என்பது ஒரு பாய்பொருள் என்று அறிஞர் பலர் நம்பிய காலம் அது. குடையக் குடைய ஊற்றெடுக்கும் ஒன்று பொருளாக இருக்க முடியாது, அது இயக்கத்தின் வடிவமே என்று அவர் வாதிட்டார். வெப்பவியலின் அடித்தளக் கருத்துகளுள் ஒன்று உலோகம் குடையும் பட்டறையிலிருந்து எழுந்தது என்பது கடைசல் பழகுவோர் பெருமிதம் கொள்ளத்தக்க வரலாறு.

நல்வாய்ப்பாக, அந்த வெப்பத்தின் பெரும்பகுதி சீவலோடு வெளியேறிவிடுகிறது. ஆகவே சீவலின் நிறத்தைப் பார்த்தாலே முனையின் நிலையை அறியலாம். சூடான எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் படரும். அதன் தடிமனுக்கேற்ப ஒளியலைகள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் நிறம் காட்டும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவதற்கும் இதுவே காரணம். ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் மஞ்சள், 300 பாகையில் நீலம். அதிவேக எஃகு உளி வைத்திருப்பவர்க்குச் சீவல் வெள்ளியாகவோ இளமஞ்சளாகவோ வருவது நல்லது. நீலம் தொடர்ந்து வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது முனையைச் சாணை பிடிக்க வேண்டும். வெட்டெண்ணெய் துளித்துளியாக விடுவது சூட்டையும் உராய்வையும் ஒருங்கே தணிக்கும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போதும். இல்லாவிட்டால் அது முனையில் அப்பிக்கொள்ளும்.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. மெல்லெஃகுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று கொள்வோம். 20 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒருமுறை சுழன்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 63 மி.மீ. நகரும். எனவே நிமிடத்துக்கு 400 சுழற்சி. விட்டம் 40 மி.மீ. என்றால் 200 சுழற்சி. வார்ப்பிரும்புக்கு இன்னும் குறைவு. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். தண்டின் முகத்தைச் சமன் செய்யும்போது உளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகரும். விட்டம் குறையக் குறைய வேகமும் குறைந்து, நட்டநடுவில் சுழியாகிவிடும். அங்கே ஒரு சிறு முளை எஞ்சி நின்றால் உளிமுனை நடுக்கோட்டின் உயரத்தில் இல்லை என்று பொருள். எந்த அளவுகோலும் இன்றி எந்திரமே காட்டித் தரும் சோதனை இது. ஒவ்வொரு முறை உளியை மாட்டியதும் இதைச் செய்வது நற்பழக்கம்.

இனி, பழகுவோர் பெரும்பாலும் எதிர்பாராத உண்மைக்கு வருகிறேன். இரும்பு வளையும். நம் கண்ணுக்கு விறைப்பாகத் தோன்றும் ஒவ்வொன்றும், தண்டும் உளியும் எந்திரத்தின் உடலும், வெட்டு விசைக்கு முன் வளைந்து கொடுக்கின்றன. 10 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டைக் கவ்வியில் பிடித்து, 100 மி.மீ. வெளியே நீட்டி, அதன் நுனியில் உளி 10 கிலோ எடையளவு விசையால் தள்ளுவதாகக் கொள்க. நுனி ஏறத்தாழ 0.33 மி.மீ. விலகும். உளியை விட்டுத் தண்டு விலகுவதால் அங்கே குறைவாகவே சீவப்படும். கடைந்து முடித்து அளந்தால் நுனி பருத்தும் அடி மெலிந்தும் இருக்கும். அதே தண்டை 50 மி.மீ. மட்டும் நீட்டினால் விலகல் 0.04 மி.மீ. ஆகிவிடும். நீளம் பாதியானால் வளைவு எட்டிலொன்று. நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளைவு பெருகும் என்பதும், விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பச் சுருங்கும் என்பதும் மீட்சியியலின் விதி. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்தியவர், பட்டறையில் பல ஆண்டு பழகியவர்கள் கையால் அறிந்து வைத்திருக்கும் வழக்கங்களின் காரணத்தைத் தாமே சொல்லிவிடலாம். விட்டத்தின் மூன்று மடங்குக்கு மேல் தண்டை நீட்டாதே. நீட்ட வேண்டியிருந்தால் வால்தாங்கியின் முனையால் மறுபுறம் தாங்கு. உளியைத் தாங்கியிலிருந்து கூடுமான அளவு குறுக்கிப் பிடி. இவையெல்லாம் அந்த மும்மடி விதியின் வேறுவேறு முகங்கள்.

வளைந்தது மீள்வதும் உண்டு. வளைந்து மீண்டு, மீண்டு வளைந்து, அந்த ஆட்டம் வெட்டோடு ஒத்திசைந்துவிட்டால் அதிர்வு எழும். காதைக் கூசச் செய்யும் ஒலியோடு பரப்பில் வரிவரியான தழும்பு விழும். துண்டு வெட்டும்போது, அதாவது மெல்லிய உளியை நேராக உள்ளே செலுத்தித் தண்டைப் பிரிக்கும்போது, இது மிகுதி. தொடங்குபவர் அஞ்சி ஊட்டத்தைக் குறைப்பார். முனை வெட்டாமல் உராயும். அதிர்வு மேலும் பெருகும். வேகத்தைத் தணித்து, ஊட்டத்தை உறுதியோடு கொடுப்பதே தீர்வு. கனத்த எந்திரங்கள் நன்றாக வெட்டுவது ஏன் என்பதும் இங்கே விளங்குகிறது. பஞ்சாபின் பட்டாலாவிலும் குசராத்தின் ராஜ்கோட்டிலும் நம் கோவையிலும் வார்த்த பழைய எந்திரங்களின் வார்ப்பிரும்பு உடல், தன் காரீயகச் செதில்களால் அதிர்வை உள்வாங்கித் தணிக்கும். மேசை எந்திரத்துக்கு அந்தக் கனம் இல்லை. ஆகவே அதில் வெட்டாழத்தைக் குறைத்துப் பலமுறை சீவ வேண்டும். பொறுமைதான் அங்கே கனத்தின் இடத்தை நிரப்புகிறது.

அளத்தல் தனிக் கலை. வெர்னியர் அளவி 0.02 மி.மீ. வரை காட்டும், திருகு நுண்ணளவி 0.01 மி.மீ. வரை. குறுக்குச் சறுக்கியின் வட்டளவில் 1 மி.மீ. உள்ளே செலுத்தினால் விட்டத்தில் 2 மி.மீ. குறையும் என்பதை முதல் நாளே கையில் பதித்துக்கொள்ள வேண்டும். சில எந்திரங்களில் வட்டளவு விட்டக் கணக்கிலேயே குறிக்கப்பட்டிருக்கும், அதையும் முன்னரே தெரிந்துகொள்க. திருகுக்கும் மரைக்கும் இடையே சிறு தளர்வு எப்போதும் உண்டு. பின்னால் இழுத்து அளவில் நிறுத்தினால் அந்தத் தளர்வு அளவைக் கெடுக்கும். அளவைத் தாண்டிப் பின்வாங்கி, மீண்டும் முன்னோக்கி வந்தே நிறுத்த வேண்டும். வெப்பமும் இங்கே தலையிடுகிறது. எஃகு ஒரு பாகைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0115 மி.மீ. விரியும். கடைந்த சூட்டில் 50 பாகை ஏறிய 40 மி.மீ. தண்டு 0.023 மி.மீ. பருத்திருக்கும். சூடாக அளந்து சரி என்று நிறுத்தினால், ஆறியபின் அது உருளைத்தாங்கிக்குள் தளர்ந்து ஆடும். கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலில் தகரக்கூரைப் பட்டறையே சூடேறி நிற்கும் வேளையில், கடைசி அளவை எடுக்கும் முன் வேலைப்பொருளை ஆறவிடுவது இன்றியமையாதது.

மலைமேல் நிலைமை வேறு. வெள்ளிமலைப் பக்கத்தில் வைத்திருக்கும் எந்திரத்துக்கு வெயிலைவிட ஈரக்காற்றுதான் பகை. ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டமும் மழையும் படுகையில் ஒரே இரவில் துரு படரச் செய்யும். வேலை முடிந்ததும் சீவல்களைக் கூட்டித் துடைத்து, சறுக்கும் பரப்புகளில் எண்ணெய் பூசி மூடி வைக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு ஓர் ஆசையும் எழுகிறது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் அம்மலையூர்களில் ஒரு நீரேற்றியின் புஷ் வளையமோ முளையாணியோ தேய்ந்தால், ஒரு சிறு துண்டு உலோகத்துக்காக அடிவாரம் வரை இறங்க வேண்டியிருக்கிறது. மலையிலேயே பள்ளி ஒன்றில், ஆசிரியர் மேற்பார்வையில் மேசைக் கடைசல் எந்திரம் ஒன்று இருந்தால், மாணவர்க்கு இயற்பியலும் ஊர்க்கு உதிரிப்பொருளும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

ஆனால் எந்த ஊரிலும் எந்த வயதிலும் முதல் பாடம் உடலைக் காப்பது. சுழலும் கவ்விக்கு அருகே துண்டும் வேட்டியும் துப்பட்டாவும் தொங்கும் கூந்தலும் கூடா. தளர்ந்த கைச்சட்டை கூடாது. வளையலும் மோதிரமும் கழற்றப்பட வேண்டும். கையுறை காக்கும் என்று எண்ணுவது பிழை; சுழலும் பொருள் கையுறையைப் பற்றினால் கையோடு சேர்த்து இழுக்கும். கண்ணாடிக்கவசம் எப்போதும் வேண்டும். சீவலின் விளிம்பு சவரக்கத்திக்கு நிகரான கூர்மையுடையது, சூடும் உடையது. அதைக் கொக்கியாலோ தூரிகையாலோதான் அகற்ற வேண்டும். கவ்வியின் சாவியை இறுக்கியவுடன் எடுத்துவிட வேண்டும், சாவி கவ்வியில் இருக்கும்போது கை அதைவிட்டு நீங்கவே கூடாது. சாவியோடு எந்திரம் ஓடினால் அது எறிபடையாகப் பறக்கும். இப்பழக்கங்களை ஒரு கடைசலரின் அருகில் நின்று கற்பதே சிறந்தது. நூல் படித்துக் கற்றால் போதாது.

திருகுப்புரி வெட்டுவது பின்னால் வரும் வேலை. எனினும் அதன் கருத்தை இப்போதே அறிந்திருக்கலாம். 1800ஆம் ஆண்டை ஒட்டி இலண்டனில் ஹென்றி மாட்சுலே, உளியைத் தாங்கும் சறுக்குத்தாங்கி, அதை நகர்த்தும் வழித்திருகு, மாற்றுப் பற்சக்கரங்கள் மூன்றையும் ஒரே இரும்பு எந்திரத்தில் இணைத்தார். ஒரு நல்ல திருகிலிருந்து, சக்கரங்களை மாற்றுவதன் மூலம், வேறு வேறு புரியிடைவெளியுள்ள திருகுகளைப் படியெடுக்க முடிந்தது. நம் பட்டறைகளின் பழைய எந்திரங்களில் வழித்திருகு அங்குலக் கணக்கில் இருக்கும். அதில் மில்லிமீட்டர் புரி வெட்ட 127 பற்களுள்ள சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதை முழு எண்ணாக்கினால் 254, அதாவது 127இன் இரட்டிப்பு. 127 பகா எண் என்பதால் வேறு எந்தச் சிறிய சக்கரமும் அதற்கு ஈடாகாது. பெட்டிக்குள் கிடக்கும் அந்த ஒற்றைச் சக்கரத்தில் எண் கணிதம் இரும்பாக நிற்கிறது.

முதலில் என்ன செய்யலாம்? பம்பரம் செய்யச் சொல்வேன். மரப்பம்பரம் கடைந்த நாட்டில் அது இயல்பான தொடக்கம்; அறிவியலுக்கும் ஏற்றது. விரலால் சுழற்றும் சிறு பம்பரம்: 40 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. தடிமனும் உள்ள எஃகு வட்டு, கீழே கூம்பு முனை, மேலே பிடிக்க 5 மி.மீ. தண்டு. வட்டின் எடை ஏறத்தாழ 100 கிராம். கம்பியைக் கவ்வியில் பிடித்து, நிமிடத்துக்கு 200 சுழற்சியில், முதலில் முகத்தைச் சமன் செய்து முளை நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு வெளிப்புறமாக இருக்கும் நுனியில் கூம்பை ஆக்குக. அடுத்து வட்டின் விளிம்பு. தண்டு கவ்விக்கு அருகே, எல்லாவற்றுக்கும் கடைசியாக, மிகக் குறைந்த வெட்டாழத்தில். மெலிந்த தண்டின் மேல் வட்டின் எடை முழுதும் தொங்கும் நேரம் அது. இறுதியில் துண்டுவெட்டிப் பிரித்தெடுங்கள்.

இத்தனையும் ஒரே பிடிப்பில் செய்வதற்குக் காரணம் உண்டு. மூன்று தாடைக் கவ்வி தானாக நடுப்படுத்தும் என்றாலும், பொருளைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால் நடுக்கோடு சற்றே விலகும், 0.05 மி.மீ. விலகல் பழைய கவ்விகளில் இயல்பு. வினாடிக்கு 20 சுழற்சியில் சுழலும் 100 கிராம் வட்டுக்கு அந்த விலகல் 8 கிராம் எடையளவுள்ள விசையைப் பக்கவாட்டில் தரும். விசை சிறிதுதான், பம்பரத்தின் தண்டு நுனியோ அதைப் பெரிதாக்கிக் காட்டும். நடுங்கினால் எந்தப் படியில் பிடிப்பு மாறியது என்று பின்னோக்கித் தேடலாம். நடுக்கமின்றி நின்று சுழன்றால் அதே அளவில் இன்னொன்றைப் பித்தளையில் செய்க. வேகத்தை இரட்டிப்பாக்கலாம், உளியை மட்டும் எடுத்துச் சாணைக்குப் போய், மேற்சாய்வை முழுதும் தேய்த்துச் சுழியாக்கிய பின்னரே மாட்டுங்கள்.